காணொளியை எங்கே நிறுத்துவது? மலையக வகுப்பறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கொதித்தல் பற்றி நல்லதொரு காணொளி கைக்கு வந்தது. தெளிவான படம், கணீரென்ற குரல். நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்றது, பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். அடுத்த பாடவேளையில் முகவைகளில் நீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பிடிக்கச் சொன்னேன். முன்வரிசைக் குழுவின் வெப்பமானி 96இல் நின்றுவிட்டது. நீர் தளதளவென்று கொதிக்கிறது, திரவ நிரல் அசையவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் எரித்துப் பார்த்தார்கள். அதே 96. பிடித்துக்கொண்டிருந்த பையனின் கொப்பியை எட்டிப் பார்த்தேன். 100 என்று எழுதியிருந்தான்.

“ஏன் 100 என்று எழுதினாய்?”

“வெப்பமானி பழுது, டீச்சர். வீடியோவில் 100 என்றுதானே சொன்னார்கள்.”

வெப்பமானி பழுதில்லை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூட வளியமுக்கம் குறைகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஒரு பாகை இறங்குகிறது. எங்கள் நீர் 96க்கு அண்மையில்தான் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94 அளவில் கொதிக்கும். அந்தப் பையனின் கண் சரியாகவே பார்த்தது. கண்ணை நம்பாதே என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான் முதலில் போட்டுக் காட்டிய காணொளி.

காணொளியில் பிழை என்று சொல்ல மாட்டேன். அது கடலோர நகரத்துக்குச் சரியாகத்தான் சொன்னது. வரிசையில்தான் பிழை. பதிலை முதலில் காட்டிவிட்டுச் செயற்பாட்டை அடுத்து வைத்தால், செயற்பாடு வெறும் சடங்காகிவிடுகிறது. அன்றிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். காணொளி கேள்வியை எழுப்பும் இடத்தில் நிறுத்தப்படும். பதில் பிள்ளைகளின் கையிலிருந்து வரும். அதன் பிறகுதான் மிச்சக் காணொளி. கீழே வருவதெல்லாம் இதை 40 நிமிடப் பாடவேளையில், 40 பிள்ளைகளோடு, மழையிலும் மின்வெட்டிலும் செய்து பார்த்த அனுபவம்.

முதற்படி: கேள்வியைத் தீர்மானியுங்கள்

பெரும்பாலும் நாம் காணொளியைத்தான் முதலில் தேடுகிறோம். ‘ஒளித்தொகுப்பு’ என்று தட்டச்சு செய்தால் நூறு வருகிறது; அழகான ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறோம். அதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தப் பாடத்தில் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது? பாடத்தலைப்பை எழுதிவிடாதீர்கள். தடுக்கும் இடம் மட்டும் வேண்டும். “தொடர் சுற்றில் இரண்டாவது மின்குமிழுக்கு மின்னோட்டம் குறைவாகப் போகும் என்று நினைக்கிறார்கள்” என்பது எழுதத்தக்க வாக்கியம். “மின்னியல்” என்பது எதற்கும் உதவாது.

இந்த இடங்கள் பழைய விடைத்தாள்களில் கிடக்கின்றன. தவணைப் பரீட்சையில் பாதி வகுப்பு ஒரே மாதிரிப் பிழைவிட்ட வினாக்கள் இரண்டை எடுத்தால் போதும். ஒரு தவணைக்கு இப்படி நான்கு அல்லது ஐந்து பாடங்களுக்கு மேல் நான் காணொளி எடுத்துச் செல்வதில்லை. மீதிக்குக் கரும்பலகையும் வாயும் போதுமானவை.

இரண்டாம் படி: சொற்களைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் பிள்ளைக்குப் புள்ளி குறையும்.

இணையத்தில் கிடைக்கும் தமிழ் அறிவியல் காணொளிகளில் மிகப் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. மொழி ஒன்றுதான், கலைச்சொற்கள் வேறு. ஆக்சிஜன் என்றால் ஒட்சிசன், கார்பன் டை ஆக்சைடு என்றால் காபனீரொட்சைட்டு, தனிமம் என்றால் மூலகம், சேர்மம் என்றால் சேர்வை, ஒளிச்சேர்க்கை என்றால் ஒளித்தொகுப்பு, முடுக்கம் என்றால் ஆர்முடுகல். இவை கேட்டவுடனே வேறு சொல் என்று தெரிந்துவிடும். பிள்ளை கையை உயர்த்திக் கேட்கும். ஆபத்து இவற்றில் இல்லை.

இரு நாட்டுப் பாடநூல்களிலும் இருந்துகொண்டு வேறு வேறு பொருள் தரும் சொற்களில்தான் ஆபத்து. ‘நிறை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது கிலோகிராமில் அளக்கப்படுவது. புவி இழுக்கும் விசைக்கு அங்கே எடை என்று பெயர். நம் பாடநூலில் கிலோகிராமில் அளக்கப்படுவது திணிவு. நிறை என்பது நியூட்டனில் அளக்கப்படும் விசை. “நிலவுக்குப் போனாலும் நிறை மாறாது” என்று அக்கரைக் காணொளி சொல்வது அங்கே முழு உண்மை. நம் பிள்ளை அதை அப்படியே விடைத்தாளில் எழுதினால் பிழை. ‘வேகம்’ என்ற சொல்லும் அப்படித்தான். அங்கே வேகத்துக்குத் திசை கிடையாது, திசையோடு சேர்ந்தால் திசைவேகம். இங்கே திசையில்லாதது கதி, திசையுள்ளது வேகம். காணொளியில் “வேகம் ஒரு ஸ்கேலர்” என்று கேட்டுவிட்டு, பாடநூலில் வேகம் திசையுள்ள காவிக் கணியம் என்று படிக்கும் பிள்ளை எதை நம்புவது?

இதற்காக அந்தக் காணொளிகளை ஒதுக்க வேண்டியதில்லை. பல மிக நன்றாகச் செய்யப்பட்டவை. நான் செய்வது இதுதான். முழுக் காணொளியையும் ஒருமுறை கையில் பேனையோடு பார்க்கிறேன். மாறுபடும் சொற்களை ஒரு நீளத் தாளில் இரண்டு நிரல்களாக எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன். ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் போனால் ஒலியை அடைத்துவிட்டு நானே பேசுகிறேன். இப்போதெல்லாம் பிள்ளைகளே அந்தத் தாளைத் தயாரிக்கிறார்கள், காணொளியில் ஒரு சொல் வந்ததும் “திணிவு! திணிவு!” என்று பின்வரிசை கத்தும். சத்தம்தான், ஆனால் நல்ல சத்தம்.

நம் பாடத்திட்டத்தின் சொற்களிலேயே வேண்டுமென்றால் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தை முதலில் பாருங்கள். மின்சுற்று, அலைகள் போன்றவற்றுக்குக் காணொளியைவிடக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ கணினிப் பாவனையாக்கங்கள் நல்லவை. 2002இல் தொடங்கப்பட்ட அந்தத் திட்டம் இலவசமானது. மின்குமிழைத் தானே இணைத்துப் பார்க்க முடிவதால் பிள்ளை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்காது.

மூன்றாம் படி: வெட்டுங்கள்

ஆறு நிமிடம் உச்ச எல்லை. மூன்று நிமிடம் நல்ல அளவு. 2014இல் குவோ, கிம், ரூபின் என்ற மூன்று ஆய்வாளர்கள் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கற்கைத் தளத்தில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தார்கள். காணொளி எவ்வளவு நீளமானதாக இருந்தாலும் பார்ப்பவர்கள் ஈடுபாட்டோடு இருக்கும் நேரத்தின் நடுமதிப்பு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். அவர்களாவது விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள்; சலித்தால் எழுந்து போகலாம். நம் பிள்ளைகளால் எழுந்து போக முடியாது, ஆகவே இருந்த இடத்திலேயே போய்விடுகிறார்கள்.

வெட்டுவதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நொடியில் நிறுத்துவது என்று எழுதி வைத்தாலே போதும். அந்த ‘நிறுத்தும் நொடி’ முழுப் பாடத்துக்கும் அச்சாணி. ஏதோ ஒன்று நடந்து முடிந்திருக்க வேண்டும். ஏன் நடந்தது என்று குரல் சொல்லத் தொடங்கியிருக்கக் கூடாது. பல காணொளிகளில் இந்த இடைவெளி இரண்டு நொடிதான் இருக்கும். வீட்டில் ஒத்திகை பார்க்காமல் வகுப்பில் பிடிக்க முடியாது. எனக்கு ஒருமுறை விரல் பிந்தி, “ஏனெனில் ஒளி முறிவடைகிறது” என்று குரல் சொல்லிவிட்டது. முப்பது கை ஒன்றாக உயர்ந்தது: “ஒளி முறிவடைகிறது, டீச்சர்!” அந்தப் பாடம் அங்கேயே முடிந்தது.

நான்காம் படி: மழைக்கும் மின்வெட்டுக்கும் ஆயத்தம்

நகரத்து வழிகாட்டிகளில் இது ஒரு வரி. நமக்கு ஒரு படி.

வகுப்பில் இணையத்தை நம்பவே நம்பாதீர்கள். பனி இறங்கினால் மலைக்கு அந்தப் பக்கத்துச் சமிக்ஞையும் போய்விடும். பதிவிறக்க அனுமதியுள்ள காணொளிகளை முதல் நாளே இறக்கி, பென் டிரைவிலும் கைத்தொலைபேசியிலும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 480பி தரம் வகுப்பறைத் தொலைக்காட்சிக்குப் போதும். 1080பி உங்கள் டேட்டாவைத்தான் தின்னும். எம்பி4 கோப்பாக இருந்தால் பெரும்பாலான தொலைக்காட்சிகள் ஏற்கும். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் சில தொலைக்காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். 01, 02 என்று எண்களை இடுங்கள். மடிக்கணினி இருந்தால் விஎல்சி இயக்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்கலாம், ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விடலாம், ஒவ்வொரு சட்டமாகவும் நகர்த்தலாம்.

அடுத்தது தகரக் கூரை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் பாடவேளையில் மழை பிடித்தால் ஒலிபெருக்கியும் தோற்கும். ஒலியில்லாமலும் பொருள் தரும் துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. புரொஜெக்டர் இருந்தால் ஜன்னலை மறைக்க இரண்டு தடித்த போர்வை வேண்டும், ஆனால் பனிமூட்ட நாளில் அதுவும் தேவைப்படாது. மலையகத்துக்கு இயற்கை தந்த திரைச்சீலை.

மின்சாரமே இல்லாவிட்டால்? குழுவுக்கு ஒரு கைத்தொலைபேசி என்று சுற்றவிடலாம், அல்லது காணொளியின் முக்கியமான மூன்று காட்சிகளை முதல் நாளே கோட்டுப்படமாக வரைந்து வைத்திருக்கலாம். இரண்டாவதுதான் எனக்குப் பல தடவை கைகொடுத்தது. உண்மையைச் சொன்னால், சில பாடங்களுக்குக் காணொளியைவிட அந்த மூன்று படங்களே நன்றாக வேலை செய்தன.

ஐந்தாம் படி: நிறுத்தி, எழுத வையுங்கள்

காணொளி ஓடுகிறது. குறித்த நொடியில் நிறுத்துகிறீர்கள். உடனே யாரையும் பேச விடாதீர்கள். பேச விட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் மூன்று பேரின் கருத்தே வகுப்பின் கருத்தாகிவிடும். இரண்டு நிமிடம் மௌனம். ஒவ்வொருவரும் கொப்பியில் “அடுத்து என்ன நடக்கும், ஏன்” என்று பேனையால் எழுத வேண்டும். பென்சில் கூடாது, அழித்துவிடுவார்கள்.

பிறகு கருத்துகளை வாங்கிப் பலகையில் எழுதி, எந்தக் கருத்துக்கு எத்தனை கை என்று எண்ணிக்கையைப் பக்கத்தில் போடுங்கள். சரி, பிழை சொல்லாதீர்கள். முகத்திலும் காட்டாதீர்கள். பிள்ளைகள் நம் முகத்தைப் படிப்பதில் பாடநூலைப் படிப்பதைவிடக் கெட்டிக்காரர்கள்.

2007ஆம் ஆண்டின் பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு வந்த, ஐந்து கட்டங்களாகப் பாடம் நடத்தும் 5ஈ முறையில் ‘ஈடுபடல், கண்டறிதல்’ என்று நாம் பாடக்குறிப்பில் எழுதும் பகுதி இதுதான். எழுதுவது மேற்பார்வைக்கு, செய்வது வேறொன்று என்று ஆகிவிட்ட பள்ளிகளை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆறாம் படி: செயற்பாடு

இதை ஒரு முழு உதாரணத்தோடு சொல்கிறேன். தரம் 10இல் நொதியம் (என்சைம்). பாடநூலில் உமிழ்நீரும் மாப்பொருளும் வைத்துச் செய்யும் பரிசோதனை இருக்கிறது, நல்லதுதான். ஆனால் நம் வாசலில் உலகறிந்த நொதியம் ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும்போது உமிழ்நீருக்குப் போவானேன்?

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ‘ஸ்டோர்’ என்போம். தோட்ட நிர்வாகியான துரையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, டீமேக்கர் துணையோடு உள்ளே போய், என் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடக் காணொளி எடுத்தேன். வாட்டிய கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் விழுகிறது. நைந்த இலை பச்சையாகவே வெளியே வந்து விரிக்கப்படுகிறது. அங்கே நிறுத்துகிறேன். அடுத்த காட்சியில் அது செம்பு நிறத்தில் இருக்கும். பிள்ளைகள் அதை இன்னும் பார்க்கவில்லை.

“இந்தப் பச்சை எப்படித் தேயிலைத் தூளின் நிறமாகிறது?”

எழுதினார்கள். பெரும்பான்மை, நெருப்பு. உலர்த்தும் அறையின் சூட்டில் கருகுகிறது என்றார்கள். சிலர் வெயில் என்றார்கள். ஒரு பையன் சாயம் கலக்கிறார்கள் என்று எழுதினான். அவன் அம்மா பதினைந்து ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர். கூடை மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கப்பட்டதோடு கொழுந்து அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த விடையைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளை நான் சிரிக்க விடவில்லை.

தேவையானவை: ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கைப்பிடி இளங்கொழுந்து, நான்கு வெள்ளைத் தட்டுகள் அல்லது தாள்கள், ஒரு பொலித்தீன் பை, பொதுவாக ஒரு கேத்தல் சுடுநீர். கொழுந்தை வேலியோரத்துச் செடியிலோ வீட்டுத் தோட்டத்திலோ எடுங்கள். தோட்டத்து மலையில் கேட்காமல் கைவைக்க வேண்டாம், மருந்தடித்த செடி வேண்டவே வேண்டாம். முதல் நாள் மாலை பறித்து இரவு முழுவதும் தாளில் விரித்து வைத்தால் இலை வாடி, உருட்ட இதமாக இருக்கும்.

முதல் தட்டில் இலையை முழுதாக வையுங்கள். இரண்டாவதற்கு இலையை உள்ளங்கைகளுக்கிடையே சாறு கசியும்வரை நன்றாக உருட்டித் தட்டில் பரப்புங்கள். மூன்றாவதற்கு இலையை முதலில் கொதிநீரில் மூன்று நிமிடம் அமிழ்த்தி எடுத்து, ஆறியபின் அதேபோல் உருட்டுங்கள். சுடுநீரை ஆசிரியரே ஊற்ற வேண்டும். நான்காவதற்கு உருட்டிய இலையை உடனே பொலித்தீன் பையில் இட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக்கிக் கட்டுங்கள். யாரும் வாயில் வைக்கக் கூடாது. முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

இதை முதற் பாடவேளையில் தொடங்கி இடைவேளை வரை விடுவது நல்லது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறத்தையும் மணத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். அரைமணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாம் தட்டின் ஓரங்கள் செம்புநிறமாகும். பச்சை வாடை போய், பிள்ளைகளே “ஸ்டோர் வாசம்” என்று சொல்லும் மணம் எழும். சனவரி மாதக் குளிர்காலையில் இன்னும் தாமதமாகும். அதுவும் ஒரு பாடம்தான், ஒரு தட்டை வெயில் விழும் ஜன்னலில் வைத்து ஒப்பிடுங்கள். முதல் தட்டு பச்சையாகவே இருக்கும். மூன்றாம் தட்டு எவ்வளவு உருட்டியும் பச்சையாகவே இருக்கும். நான்காவது மெதுவாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறம் மாறும். ஏன் முழுவதும் நிற்கவில்லை என்று எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும். பையில் மிஞ்சிய காற்று.

இப்போது பலகைக்குத் திரும்புங்கள். நெருப்பால் என்றால், நெருப்பே படாத இரண்டாம் தட்டு ஏன் சிவந்தது? வெந்நீர் பட்ட மூன்றாம் தட்டு ஏன் சிவக்கவில்லை? நெருப்புக் கட்சி முதலில் தடுமாறும், பின்னர் தானாகவே கரையும். இலையின் கலங்கள் உடையாதவரை நொதியமும் அது தாக்கும் பொலிபீனோல் என்ற சேர்வைகளும் தனித்தனியே இருக்கின்றன; உருட்டினால் இரண்டும் கலக்கின்றன, காற்றின் ஒட்சிசன் சேர்கிறது, நிறம் பிறக்கிறது. வெந்நீர் நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிட்டது. பச்சைத் தேயிலை செய்வதும் இப்படித்தான். உலர்த்தும் சூடு நிறத்தைக் கொடுப்பதற்கன்று. நொதியத்தை நிறுத்தி ஈரத்தைப் போக்குவதற்கு. ஸ்டோரில் இந்தக் கட்டத்தை நொதித்தல் என்றே அழைக்கிறார்கள். உண்மையில் மாவு புளிப்பதுபோல் நுண்ணுயிர் செய்யும் வேலையன்று. நொதியத்தால் நடக்கும் ஒட்சியேற்றம். பெயரைக் கண்டு பிள்ளை ஏமாறக் கூடாது, பரீட்சையில் மட்டும் அல்ல.

கொதித்தல் பாடத்துக்கும் இதே வரிசைதான். வெற்றிடத்தில் நீர் கொதிக்கும் காணொளியை ஒலியில்லாமல் தொடங்கி, குமிழி எழும் இடத்தில் நிறுத்துகிறேன். பிறகு ஊசியில்லாத 20 மில்லிலீற்றர் மருந்தேற்றிக் குழாயில் கொதித்து ஓரளவு ஆறிய, ஏறத்தாழ 70 பாகை நீரைக் கால்பங்கு எடுத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளி, முனையை மூடி, தண்டை இழுத்தால் நீர் கொதிக்கும். அதன் பிறகு அந்த 96ஐ யாரும் பழுது என்று சொல்வதில்லை. வீட்டில் பருப்பு ஏன் வேகாமல் அடம்பிடிக்கிறது, அமுக்கச் சமையற்கலன் ஏன் வேண்டும் என்று அம்மாவுக்கே விளக்கப் போய்விடுகிறார்கள்.

ஏழாம் படி: இரண்டாம் காட்சி, ஒலியில்லாமல்

இப்போதுதான் மிச்சக் காணொளி. ஒலியை அடைத்துவிட்டு ஒரு பிள்ளையை முன்னே அழைத்துக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறும் இடத்தில் நிறுத்தி வகுப்பைக் கேளுங்கள். முதல் இரண்டு முறை வெட்கப்படுவார்கள். மூன்றாவது முறை வானொலி அறிவிப்பாளர் குரலில் வந்து அசத்துவார்கள். தயங்கும் பிள்ளைகளை இருவராக அனுப்புங்கள். இறுதியில் ஒலியோடு ஒருமுறை ஓட விட்டு, தாங்கள் சொன்னதற்கும் அந்தக் குரல் சொன்னதற்கும் என்ன வேறுபாடு என்று பிடிக்கச் சொல்லலாம். நேரம் இல்லையென்றால் இந்த இறுதிப் பகுதியை விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: பேனையால் எழுதியதற்குத் திரும்புதல்

முதலில் எழுதிய ஊகத்தின் கீழே, அதை அழிக்காமல், “இப்போது நான் நினைப்பது” என்று மூன்று வரி. பிறகு சாதாரண தரப் பரீட்சை அமைப்பில் ஒரு சிறு அமைப்புக் கட்டுரை வினா. தேயிலை என்ற சொல்லே வராத வினாவாக இருக்கட்டும். வெட்டி வைத்த ஆப்பிள் ஏன் பழுப்பாகிறது, எலுமிச்சைச் சாறு பூசினால் ஏன் தாமதமாகிறது என்று கேளுங்கள். தேயிலைக்குப் புரிந்தது ஆப்பிளுக்கும் புரிந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். ஒரு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் அதே பொருளில் இரண்டு வினா. அந்த இரண்டுக்கும் புள்ளி போட வேண்டாம். நினைவுக்குக் கொண்டுவரும் உழைப்பே மறதியைத் தடுக்கிறது.

மற்றப் பாடங்களுக்கு

புவியியல் ஆசிரியர்கள் அடிக்கடி மண்சரிவுக் காணொளி கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: மலையக வகுப்பில் அதைப் போடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணில் புதைந்ததை அறியாத வீடு இங்கே இல்லை. எந்தப் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக மழைமானி செய்யுங்கள். பக்கங்கள் நேரான பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் செருகுங்கள். அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறியுங்கள். அதற்கு மேல் அடிமட்டத்தை ஒட்டினால் மில்லிமீற்றரில் நேரடியாக வாசிக்கலாம். தினமும் ஒரே நேரத்தில் வாசித்து வகுப்புச் சுவரில் வரைபு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது மழைவீழ்ச்சியை மில்லிமீற்றரில்தான் பார்க்கிறது. அந்த எண்கள் வானொலியில் வரும்போது பிள்ளைக்குத் தன் போத்தல் நினைவுக்கு வரும். காணொளி வேண்டுமென்றால் மழை எப்படி மண்ணுள் இறங்குகிறது என்ற அசைவூட்டப் படம் போதும்.

வரலாற்றுக்கு எண்களே போதுமான காட்சி. 1964 ஒக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரின் கதி எழுதப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. 39 பிள்ளைகள் உள்ள வகுப்பு என்றால் 21, 12, 6 என்று மூன்று மூலைகளில் நிற்க வையுங்கள். அந்த ஆறு பேரின் முகத்தைப் பாருங்கள். ஒரே லயத்துப் பிள்ளைகள் வெவ்வேறு மூலைக்குப் போகும்போது வகுப்பு தானாகவே அமைதியாகிவிடும். அதன்பின் ஏதாவது ஆவணக் காணொளி போட விரும்பினால் போடலாம். வீட்டில் பழைய பத்திரங்கள் இருந்தால் கேட்டு வரச் சொல்லலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். சில தாத்தாக்கள் அந்தப் பெட்டியைத் திறக்க விரும்புவதில்லை.

கணிதத்துக்கு ஒன்று. சாய்வான பாதையில் பந்தை உருட்டிக் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். சாதாரணமாக நொடிக்கு 30 சட்டங்கள். சட்டம் சட்டமாக நகர்த்தினால் தூர–நேர வரைபு பிள்ளைகளின் கையாலேயே வந்துவிடும். சமதரை தேடி அலையும் பள்ளிகளுக்குக் கிடைக்காத வசதி, நமக்கு வாசலிலேயே சரிவு.

நீங்களே படம் எடுக்கும்போது பிள்ளைகளின் முகம் தெரியாமல் கைகளை மட்டும் எடுங்கள். முகம் வருமென்றால் பெற்றோரிடமும் அதிபரிடமும் கேளுங்கள். காணொளியை வட்சப் குழுவில் போட்டு வீட்டுவேலை கொடுத்துவிடாதீர்கள். கைத்தொலைபேசி அப்பாவோடு கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கும் வீடுகள் பல. நான் அந்தத் தவற்றைச் செய்து, மறுநாள் ஒன்பது பிள்ளைகளைக் காரணமில்லாமல் எழுந்து நிற்க வைத்தேன்.

கடைசியாக, ஒரு கொப்பி

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம். காணொளி எண், தொடங்கும் நொடி, நிறுத்தும் நொடி, மாற்ற வேண்டிய சொற்கள், பிள்ளைகள் சொன்ன ஊகங்கள், எது சொதப்பியது. அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு ஆயத்தம் செய்யப் பத்து நிமிடம் போதும்; இடமாற்றம் கிடைத்தால் அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். என் கொப்பியில் கொதித்தலுக்கான பக்கம் இப்படி இருக்கிறது:

“எண் 07. 0:35இல் தொடங்கு, 1:42இல் நிறுத்து, விரலைத் தயாராக வைத்துக்கொள். மாற்ற வேண்டிய சொல்: வளிமண்டல அழுத்தம் – வளிமண்டல அமுக்கம். வெப்பமானி மூன்று, ஒன்று உடைந்தாலும் பாடம் நடக்க வேண்டும். மருந்தேற்றிக் குழாய் எட்டு. 10ஆ வகுப்பின் ஊகம்: நீரில் காற்று இருக்கிறது, அதுதான் குமிழி. (நல்ல ஊகம். நீரை முன்பே நன்றாகக் கொதிக்க வைத்துக் காற்றைப் போக்கிவிடு.) மழை நாளில் வேண்டாம், கேத்தல் கொதிக்கும் சத்தமே கேட்காது.”